ஒரு கிலோமீட்டர் வட்டம்

அன்னக்கொடியின் பட்டியில் முதல் தாய்ப்பன்றி ஒரு திங்கட்கிழமை காலையில் செத்தது. குரங்கணி போகும் ஜீப்பு ரோட்டை ஒட்டி, ஏலத்தோட்டங்களுக்குக் கீழே இருந்தது அந்தப் பட்டி. கணவன் இறந்த பிறகு ஏழு வருடமாக அவள் தனியாகவே பன்றி வளர்த்து வந்தாள். செத்ததன் காதும் அடிவயிறும் சிவந்து கன்றியிருந்தன. மூக்கில் இரத்தம் உறைந்திருந்தது. இன்னும் இரண்டு தீனி எடுக்காமல் படுத்துக் கிடந்தன.

பக்கத்துப் பட்டிக்காரர் மொக்கச்சாமி வந்து பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“ஆத்தா, வெளிய மூச்சு விடாத. வெரசா குழி வெட்டிப் பொதச்சிரு. டாக்டரு வந்தா ரெண்டு பேரு பட்டியும் காலி.”

“ஒங்க பன்னிக நல்லாத்தானண்ணே இருக்கு?”

“நல்லா இருக்குறதாலதான் சொல்றேன்.”

அவள் புதைத்தாள். மறுநாள் படுத்துக் கிடந்த இரண்டும் செத்தன. மிச்சமிருக்கும் பத்தொன்பதையாவது ஏதாவது மருந்து காப்பாற்றிவிடும் என்று நினைத்துக்கொண்டு, மொக்கச்சாமியிடம் சொல்லாமல் போடி கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

மத்தியானமே டாக்டர் சுசித்ரா வந்துவிட்டார். தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பையும் கையில் ஐஸ் பெட்டியையும் பார்த்ததும் பன்றிகள் மூலைக்கு ஓடின. அன்னக்கொடி உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். அவள் குரலுக்கு வந்தன. காதடியைச் சொறிந்தபடியே அவள் அணைத்துப் பிடிக்க, சுசித்ரா கழுத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார். பிறகு மொக்கச்சாமியின் பட்டியிலும் ஐந்து பன்றிகளிடம் எடுத்தார். மொக்கச்சாமி அன்னக்கொடியின் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏதாச்சும் ஊசி போட்டுட்டுப் போங்க டாக்டரம்மா.”

“ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலா இருந்தா இதுக்கு மருந்து கெடையாதுக்கா. ரிசல்ட்டு வர்றவரைக்கும் எதையும் வெளிய விடாதீங்க. மனுசங்களுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க.”

“மனுசருக்கு ஒண்ணும் ஆகாதாக்கும்” என்றாள் அன்னக்கொடி.

ரிசல்ட்டு வர ஆறு நாள் ஆனது. அதற்குள் இன்னும் எட்டு செத்திருந்தன. சுசித்ரா ரோட்டிலேயே நின்று சொன்னார். அன்னக்கொடியின் பட்டியில் நோய் உறுதி. மொக்கச்சாமியின் ஐந்து மாதிரியிலும் வைரஸ் இல்லை. ஆனால் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எந்தப் பன்றியையும் உயிரோடு விடக்கூடாது.

“அவரு பன்னிக்கு ஒண்ணுமில்லன்னு நீங்க எடுத்த ரத்தமே சொல்லுதே!”

“இன்னைக்கு இல்லக்கா. நாளைக்கு வராதுன்னு என்னால எழுதித் தர முடியாது.”

மொக்கச்சாமி திரும்பி நடந்தார். பட்டிக்குள் போய், வழக்கம்போலத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்.

வியாழக்கிழமை கால்நடைத் துறை ஆட்கள் வந்தார்கள். மண்வெட்டும் இயந்திரம் பெரிய குழி தோண்டியது. உடுப்புப் போட்டவர்களிடம் பன்றிகள் அகப்படாமல் அலறி ஓடின. “நீங்க புடிச்சா நிக்கும். வெரட்டி வெரட்டி வதைக்க வேணாம்” என்று சுசித்ரா தயங்கிச் சொன்னார். அன்னக்கொடி உள்ளே போனாள். அன்று போலவே கூப்பிட்டாள். அன்று போலவே வந்தன. பதினொன்றையும் அவளே பிடித்துக் கொடுத்தாள். கடைசியில் வந்த குட்டி, ஊசி இறங்கும்வரை அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

கை கழுவிவிட்டு மொக்கச்சாமியின் பட்டிக்கு உதவப் போனாள்.

“எம் பன்னி மேல கைய வைக்காத” என்றார் அவர். தன் முப்பத்து நான்கு பன்றிகளையும் தனியாகவே பிடித்தார்.

குழிகளில் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். மறு உத்தரவு வரும்வரை பன்றி வளர்க்கக்கூடாது என்று காகிதம் ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து இருவரும் ஏலக்காட்டுக்கு ஒரே ஜீப்பில் வேலைக்குப் போனார்கள். எதிரெதிரே உட்கார்ந்தாலும் பேச்சில்லை.

ஒரு நாள் அவளால் தாங்க முடியவில்லை.

“மருந்து இருக்கும்னு நெனச்சுத்தாண்ணே கூப்பிட்டேன்.”

“தெரியும்” என்றார் மொக்கச்சாமி.

மறுநாளிலிருந்து அவர் அதற்கு முந்திக் கிளம்பும் ஜீப்பில் போகத் தொடங்கினார்.