சானமாவு வளைவில் யானை இல்லை

சானமாவு காட்டு வளைவில் டிரைவர்கள் செய்த பாவம் அத்தனையையும் சுமந்துகொண்டிருப்பது யானைதான் என்று கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே முதலில் கண்டுபிடித்தவன் டெம்போ டிரைவர் பூபதி. தூங்கிப்போய்ப் பள்ளத்தில் விட்டவனும் யானை குறுக்கே வந்தது என்பான். குடித்துவிட்டுப் புளியமரத்தில் மோதியவனும் அதையேதான் சொல்வான். "யானைக்கு வாயிருந்தா மானநஷ்ட கேசு போட்டிருக்கும். நான் அந்தப் பொய்யச் சொன்னா அப்புறம் ஸ்டீரிங்கையே தொடமாட்டேன்" என்று ராயக்கோட்டை மண்டி டீக்கடையில் அவன் அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இப்போது காலை பதினோரு மணி. அதே வளைவில் ரோடெல்லாம் தக்காளி. கூட வந்த லோடுக்காரி நாகம்மா, வீங்கிய இடது மணிக்கட்டை முந்தானையில் தொட்டில் கட்டிக்கொண்டு, உடையாத பழங்களை ஒற்றைக் கையால் தூரத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யானை எதுவும் வரவில்லை. பூபதி பிரேக்கை மிதித்தான். கால் தரைவரை போனது, வண்டி பள்ளம்வரை போனது.

கிரேன் ஃபக்ருதீன் டெம்போவைத் தூக்கி ரோட்டில் வைத்தார். கொக்கியை மட்டும் கழற்றவில்லை.

"நாலாயிரம்."

"எப்பவும் ரெண்டாயிரம்தானே பாய்?"

"அது சாதா. இது எமர்ஜென்சி."

"ஈ காக்கா இல்ல. என்னா எமர்ஜென்சி?"

"தக்காளி அழுவுதே."

ஓனர் வெங்கடசாமி பைக்கில் வந்து இறங்கினார்.

"கிரேன யாருடா கூப்பிட்டது?"

"நீங்கதாண்ணா கூப்பிடச் சொன்னீங்க."

"சொன்னது நானு. கூப்பிட்டது யாரு?"

"நான்தான். உத்தனப்பள்ளி காயின் போன்ல, என் ஒத்த ரூபா போட்டு."

"அப்ப உன் பேருலதான் பில்லு."

"பிரேக் புடிக்கலன்னு ரெண்டு தபா சொன்னேனேண்ணா."

வெங்கடசாமி இன்சூரன்ஸ் ஃபாரத்தை எடுத்து நீட்டினார். "பிரேக்குன்னு எழுதினா அவன் பைசா தரமாட்டான். உன் தப்புன்னு எழுதினா நாளைக்கு வேற டிரைவரு, கிரேன் காசும் உன்னுது."

"அப்ப யாரு தப்புண்ணா?"

வெங்கடசாமி காட்டைப் பார்த்தார். என்ன என்று ஃபக்ருதீனும் திரும்பிக் காட்டைப் பார்த்தார்.

"அதுன்னா கிரேன் காச நான் பாத்துக்கறேன்" என்றார் வெங்கடசாமி.

"நாகம்மாக்கா கை?"

"பிரேக்குன்னா நான் குடுக்கணும். யானைன்னா யானைதான் குடுக்கணும்."

பூபதி பைக் சீட்டின் மேல் ஃபாரத்தை விரித்தான். காற்று அதைத் தூக்கிக்கொண்டே இருந்தது. பொறுக்கிய பழங்களைக் கிரேட்டில் போட்டுவிட்டு வந்த நாகம்மா, நல்ல கையால் ஃபாரத்தின் ஓரத்தை அமுக்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"பிரேக்குன்னு நல்லா பெருசா எழுது தம்பி. ஓனரு காசுலதான் புத்தூருக்குப் போயி எலும்புக்குக் கட்டு கட்டணும்."

"ம்."

'ஒற்றை யானை' என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, 'தந்தம் உண்டு' என்றும் சேர்த்தான்.

கையெழுத்து கோணிவிடக் கூடாதென்று அவள் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.