அம்பாசடருக்குள் ஆறு டிகிரி

விருதுநகர் பைபாஸ் ஓரம் கார் ஏசி வேலை பார்க்கும் ஜாபஸை அந்த அம்பாசடர் இரண்டு மாதம் படாத பாடு படுத்திவிட்டது. எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி. ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் விக்னேஷ்வரனின் அப்பா வாங்கியது. மே மாதம் மகள் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் மண்டபத்துக்கு வர வேண்டும், வியர்வை சொட்டாமல் வந்து இறங்க வேண்டும் என்று விக்னேஷ்வரன் ஒரே பிடியாக நின்றார்.

ஜாபஸ் முதலில் கடையில் கிடைக்கிற ஏசி செட்டை அப்படியே மாட்டினான். ஓடும்போது ஏதோ குளிர்ந்தது. வண்டி நின்றால் போதும், அனல் காற்று முகத்தில் அடித்தது, ரேடியேட்டர் கொதித்தது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தான். பெரிய கண்டென்சர், அதன் முன்னால் இரண்டு ஃபேன், தடித்த ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். எஞ்சின் அடங்கியது, ஆனால் உள்ளே சூடு குறையவில்லை. ஒரு மதியம் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகரத்தில் பழைய வயர் போன ஓட்டைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எஞ்சின் சூடு முழுக்க அவற்றின் வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்தான். உள்பக்கத் துணியைப் பிரித்துக் கூரையிலும், கால்மிதிக்குக் கீழே தரையிலும் சூடு தாங்கும் ஷீட் ஒட்டினான்.

சித்திரை இரண்டாவது வாரம், வெளியே நாற்பத்தொரு டிகிரி அடித்த நாளில், ஏசி காற்று வரும் வாயில் வைத்த தெர்மாமீட்டர் ஆறு டிகிரி காட்டியது. ஜாபஸ் அதைப் போட்டோ எடுத்து மனைவி பெர்சிஸுக்கு அனுப்பினான். அவள் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மறுநாள் வண்டியைத் தானே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏழாயிரம்பண்ணைக்கு ஓட்டிப் போனான்.

கம்பெனி கேட்டுக்குள் நிறுத்தி, முதலாளி வரட்டும் என்று ஏசியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தபோது தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. கடைசி வரிசையில் ஓர் அறையின் கூரை காணாமல் போயிருந்தது. பெண்கள் முள்வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடினார்கள். முதலில் வந்த ஆம்புலன்ஸ் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாலாவதாகக் கொண்டுவந்த, அந்த அறையில் வேலை பார்த்த வெள்ளைத்தாய்க்கு வண்டி இல்லை. ஃபோர்மேன் மாரீஸ்வரன் ஓடி வந்து அம்பாசடரின் பின்கதவைத் திறந்தார். ஜாபஸ் யாரையும் கேட்கவில்லை. முதலாளி என்ன சொல்வாரோ என்றுகூடத் தோன்றவில்லை. பக்கத்து அறையில் வேலை பார்க்கும் முத்துச்செல்வி முதலில் ஏறி உட்கார்ந்து, வெள்ளைத்தாயின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

சிவகாசிக்கு முக்கால் மணி நேரம். ஜாபஸ் ஏசியை முழுசாகத் திருகிவிட்டான். எரிந்த உடம்புக்கு வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெம்பக்கோட்டை தாண்டியதும் வெள்ளைத்தாய் வாய் திறந்தாள்.

"குளுருதுய்யா."

ஜாபஸின் கை சுவிட்சுக்குப் போனது.

"அணைச்சிராதீகண்ணே," என்றாள் முத்துச்செல்வி. "தீப்பட்ட உடம்பு. புத்தி தடுமாறிப் பேசுது. குளுந்தே இருக்கட்டும்."

அவனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கையை எடுத்துக்கொண்டான்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது. "போதும்யா, அணைச்சிருங்க. குளுரு தாங்கல."

"இந்தா வந்துட்டோம் தாயி," என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். அதன்பிறகும் அவள் இரண்டு முறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் அவளை இறக்கியதும் தொட்டுப் பார்த்த அங்கிருந்த நர்ஸ், ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே துணிமேல் துணியாகப் போர்த்தினாள். மறுநாள் சாயங்காலம் வெள்ளைத்தாய் இறந்துபோனாள்.

வீட்டில் பெர்சிஸிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். ஏசியை அணைக்காதது சரிதானா என்று அவன் விடாமல் கேட்கவே, தோல் போய்விட்டால் உடம்பால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, அவர்களைப் போர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். உடம்பில் முக்கால்வாசி வெந்திருந்தது, எப்படிக் கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்றும் சொன்னாள்.

"உங்களுக்கு அது தெரியாதுல்ல," என்றாள்.

"எனக்குத் தெரியாது. அவங்க சொன்னாங்கள்ல. நாலு தடவ சொன்னாங்க."

விக்னேஷ்வரன் ஆள் அனுப்பிப் பின்சீட்டைப் பிரித்துப் புதிதாகத் தைக்கச் சொன்னார். மனுஷன் கோபிக்கவில்லை, நல்ல காரியம் செய்தாய் என்றுதான் போனில் சொன்னார். கல்யாணமும் குறித்த நாளில் நடந்தது. வெயிலில் ஊர்வலம் வந்தும் பெண்ணின் முகத்தில் பொட்டு வியர்வை இல்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். பத்திரிகை வந்திருந்தும் ஜாபஸ் போகவில்லை.

வெள்ளைத்தாயின் பதினாறு கழிந்ததும் அவள் புருஷன் சோணைமுத்துவைப் பார்க்கப் போனான். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே நினைத்துக்கொண்டான். சிமெண்ட் ஷீட் வேய்ந்த ஒற்றை அறை வீடு. சோணைமுத்து வேப்பமரத்து நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் என்று தெரிந்ததும் எழுந்து இடம் விட்டார்.

"கடைசியா எதும் பேசுனாளாய்யா? முத்துச்செல்விகிட்டக் கேட்டா அழுகுறா, ஒண்ணும் சொல்லமாட்டேங்கா."

ஜாபஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "குளுருதுன்னு சொன்னாக."

சோணைமுத்து அவனையே பார்த்தார். முகம் கோணியது; கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது.

"குளுருதுன்னாளா?" என்றார். "இருவது வருசம்யா. அந்த ரூமுக்குள்ள பொறி பறந்துரும்னு ஃபேன் ஆகாது, கரண்டே ஆகாது. வெந்து புழுங்கித்தான் வருவா. வந்தா இங்கனயும் ஷீட்டு. ஒரு நாளு உடம்பு குளுந்து படுத்ததில்ல." ஜாபஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கடைசியிலயாவது குளுந்துச்சே. நீங்க நல்லா இருக்கணும்யா."

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதையே இன்னொரு முறை சொன்னார். ஏசி காரில் போனாள், குளிருகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள் என்றார். ஜாபஸ் வாயைத் திறந்தான். அந்தக் கைகள் இன்னும் அவனை விடவில்லை.

இருட்டும் முன்னே வீடு வந்து சேர்ந்தான். சொல்லிவிட்டீர்களா என்று பெர்சிஸ் கேட்டாள்.

"சொல்லத்தான் போனேன்," என்றான். "அவரு சந்தோசப்பட்டுட்டாரு."

சட்டையைக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெர்சிஸ் வழக்கம்போல் ஃபேனைப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லி அணைக்கச் சொன்னான்.