வகுபடாத செங்கல்

சூளைக்காரர் விட்டுப்போன ஒரு லட்சத்து மூன்று செங்கற்களை எத்தனை பேருக்குப் பங்கு வைத்தாலும் மிச்சம் விழுந்தது. மிச்சக் கல்லை யாராலும் உடைக்கவும் முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் சரக்கைக் கல் கல்லாகப் பிரித்து அடுக்கிய பிறகுதான் விற்பார்கள். முந்தைய தலைமுறை விற்றுவிட்டுப் பணத்தைப் பிரிக்கப்போய் வெட்டுக்குத்தில் முடிந்ததால் வந்த வழக்கம். மகன்கள் மூவர். மூன்று அடுக்கும் சமமாக நின்றன, ஒரு கல் மட்டும் வெளியே கிடந்தது. மூத்தவன் அதைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். சம்மட்டி எகிறி அவன் தாடையைப் பெயர்த்தது. பற்களை மண்ணில் துப்பினான். நடுவுள்ளவன் கல்லை ஆற்றில் எறிந்தான். விடிந்து பார்த்தால் ஈரம் சொட்டச் சொட்டப் பழைய இடத்திலேயே இருந்தது. கணக்கு நேராகட்டும் என்று புதுக்கல் இரண்டைச் சேர்த்தார்கள். இரண்டும் சாம்பலாய் உதிர்ந்தன.

"எனக்குப் பங்கே வேணாண்ணா, நீங்களே எடுத்துக்கங்க" என்றான் கடைக்குட்டி. ஒற்றைப்படை எண் இரண்டாகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் புத்திசாலிகள் பகல் முழுக்க அடுக்கிப் பார்த்துத்தான் நம்பினார்கள். "என்னையும் சேர்த்து நாலாப் பிரிச்சுப் பாருங்க" என்றாள் சூளைக்காரரின் மகள். மூன்று கல் மிஞ்சியது. அதற்கு அவள் கன்னத்தில் அறை விழுந்தது.

ஆளைக் குறைக்கும் யோசனையில் அண்ணன்களின் கண் தம்பி பக்கம் திரும்புவதை அவள் பார்த்துவிட்டாள். கடைக்குட்டி பிழைத்தால் போதும், கல் எக்கேடோ கெடட்டும் என்று கணக்கு வாத்தியாரை இழுத்துவந்தாள். அவர் வெகுநேரம் வகுத்துப் பார்த்தார். "இது பகா எண்ணும்மா. ஒண்ணு, மொத்தமும் ஒரே ஆளுக்குப் போகணும்..." அவர் மூச்சு விடுவதற்குள் அண்ணன்கள் எழுந்து போய்விட்டார்கள். "இல்லைன்னா, கல்லு எத்தனையோ அத்தனை பேருக்கு, ஆளுக்கொண்ணு" என்று அவர் முடித்தபோது கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"வாங்க, ஆளுக்கொரு கல்லு! சீக்கிரம் வாங்க!" என்று கத்திக்கொண்டே தெருத்தெருவாக ஓடினாள். ஊரே திரண்டு வந்தது. அதற்குள் கடைக்குட்டியின் நெஞ்சில் கடப்பாரை இறங்கியிருந்தது. மூத்தவன் மண்வெட்டி வெட்டில் கழுத்து பிளந்து கிடந்தான். "எல்லாம் எனக்குத்தான்டா!" என்று குவியல் மேல் நின்று கடப்பாரையைச் சுழற்றினான் நடுவுள்ளவன். அந்த ஒரு கணம் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கூட்டம் அவன்மேல் ஏறி நடந்தது. இறங்கியபோது அவன் யாரென்று சட்டையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போனார்கள். இரண்டாவதைத் தொட்டவர்களின் விரல்கள் நசுங்கின. கைக்குழந்தைகளையும் அவளையும் சேர்த்து, ஊரில் உயிரோடிருந்தவர்கள் சரியாக ஒரு லட்சம் பேர். மூன்று கல் மிஞ்சியது. வாத்தியார் விரலை மடக்கிச் செத்துக் கிடந்த மூவரையும் எண்ணினார். தம்பி பெயரைச் சொல்லித் தொண்டை வற்றும்வரை அழுதாள். பிறகு பசித்தது. மூன்று கல்லையும் கூட்டி அடுப்பு மூட்டினாள். இன்றும் அதில்தான் உலை வைக்கிறாள். நல்ல கல், இதுவரை ஒரு விரிசல்கூட இல்லை.