நடுவில் விட்ட வரி

ராஜரத்தினத்துக்கு அந்தக் குரலை முதல் நாளே பிடிக்கவில்லை. அதற்குத் தொண்டை கட்டுவதில்லை, இருமல் வருவதில்லை, மூக்குக்கண்ணாடியைத் தேடி வீடு முழுக்க அலைய வேண்டியதில்லை.

கோவையில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தனா தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். "அம்மா, பிரவுசர்ல புதுசா ஒண்ணு வந்திருக்கு. இங்க தட்டினா போதும், பேப்பரை அதுவே வாசிச்சுச் சொல்லும். மெயிலையும் வாசிக்கும்." தட்டிக் காட்டினாள். நீலகிரி மாவட்டத்தில் இரண்டு நாட்களுக்குக் கனமழை என்று ஓர் ஆண் குரல் நிதானமாகச் சொல்லத் தொடங்கியது.

தெய்வம்மா உரித்துக்கொண்டிருந்த பட்டாணியை அப்படியே மடியில் விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷமாக அவள் அப்படிப் பார்த்தது ராஜரத்தினத்தின் வாயை மட்டும்தான்.

தெய்வம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அதற்குமேல் வராது. இலங்கையில் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு இந்தியா போகச் சீட்டு வந்தது. கப்பல், மண்டபம் முகாம், பிறகு குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பதினைந்து வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள் பிறகு சிலேட்டைத் தொடவில்லை. அதே தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர் ராஜரத்தினம். அவரும் கப்பலில் வந்தவர்தான். வேலைக்கு ஆள் எண்ணும் காலை மஸ்டரில் நூறு பேர் முன்னால் ஆபீஸ் நோட்டீஸை உரக்க வாசிப்பது அவர் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அதுவே வழக்கமாயிற்று. வெலிங்டன் பட்டாள முகாமில் காலையில் ஊதும் பிகிள் ஓயும் நேரத்தில் அவர் பேப்பரை விரிப்பார். ஓய்வு பெற்ற பின் மஸ்டர் போயிற்று, தெய்வம்மா மிஞ்சினாள்.

இப்போது பிகிள் ஓய்ந்ததும் அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

"நான் இருக்கேன்ல, எதுக்கு கரண்டை வீணாக்குற?"

"உங்களுக்கு ஏன் சிரமம்? நீங்க உக்காந்து டீயைக் குடிங்க."

பக்கத்து வீட்டு விஜயா முருங்கைக்கீரை கொடுக்க வந்தவள் வாசலில் நின்று கேட்டாள். "ஏனுங்ணா, யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு பார்த்தேன். இதுங்களா? அப்ப உங்க வேலை போச்சுங்களா?"

அவர் சிரித்து வைத்தார். மனதுக்குள் சிரிப்பு வரவில்லை.

தெய்வம்மா இல்லாத நேரத்தில் தானும் அந்தப் பெட்டியை நோண்டிப் பார்த்தார். குரலின் வேகத்தை இரண்டு மடங்காக்கி வைத்தார். மறுநாள் அது ஏலக்காரன்போல் கடகடவென்று பேசியது. தெய்வம்மா மகளுக்குப் போன் போட்டாள், ஒரு நிமிஷத்தில் சரியாயிற்று. பெண் குரலுக்கு மாற்றினார். "இது யாரு, பொம்பளையா? அந்த ஆளே நல்லாச் சொல்றான்," என்று அவள் பழையதற்கே மாற்றிக்கொண்டாள். அந்த ஆளே! மழை வலுத்து நெட் போன நாளில் மட்டும் அவருக்குச் சற்று நம்பிக்கை வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பேப்பரோடு தயாராக உட்கார்ந்தார். ஆனால் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்ததால், நெட் போனது அந்தக் குரலுக்குத் தெரியவே இல்லை. அது பாட்டுக்கு வாசித்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்ததுதான் வேறு.

தெய்வம்மாவின் தம்பி பொன்னுத்துரை இலங்கையிலேயே தங்கிவிட்டவன். மூன்று வயதில், அங்கேயே இருந்த சித்தப்பா குடும்பத்தின் பதிவில் அவன் பெயர் போய்ச் சேர்ந்ததால் கப்பல் ஏறவில்லை. இப்போது ஹட்டனில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். முன்பு நீலக் கடிதம் போடுவான். எட்டு வருஷமாக அவன் மகள் ஷண்முகப்ரியா ராஜரத்தினத்தின் மெயிலுக்குத் தட்டி அனுப்புகிறாள். அவர் தன் போனில் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு தெய்வம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். அன்றும் மார்க்கெட்டில் கேரட் வாங்கிக்கொண்டிருக்கும்போது போன் முனகியது. மதியம் வாசித்தால் போயிற்று என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே மெயில் லேப்டாப்பிலும் வரும்படி கீர்த்தனா செய்து வைத்திருந்தது அவர் நினைவுக்கு வரவில்லை.

வீட்டு வாசலில் குடையை மடக்கும்போதே குரல் கேட்டது.

"...ப்ரியாவுக்குச் சித்திரையில் கல்யாணம் வைத்திருக்கிறோம். போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஆப்பரேசன் செய்தபோது ஒருக்கா வந்து பார்க்கச் சொல்லி எழுதினேன். அதற்கு முன் வீடு குடிபோனபோதும் எழுதினேன். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மச்சானுக்கு முடியாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த முறையாவது வாறீங்களா அக்கா? இப்படிக்கு உங்கள் தம்பி, பொன்னுத்துரை. பதிலளி. முன்னனுப்பு."

பொத்தான்களின் பெயரையும் சேர்த்தே வாசித்துவிட்டு அது நின்றது. ராஜரத்தினத்தின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சமையலறை வரை ஓடியது.

"ஆப்பரேசனா?" என்றாள் தெய்வம்மா.

"நீ பயந்துடுவேன்னுதான்..."

"வீடு குடிபோனதுக்குமா பயந்துடுவேன்?"

அவர் குடையை மூலையில் சாய்த்து வைத்தார். உண்மையைச் சொல்வதானால் அவள் பயத்தை அவர் எண்ணிப்பார்த்ததே இல்லை. பொன்னுத்துரையின் கடிதம் வந்தால் தெய்வம்மா ஒரு வாரத்துக்கு வேறு ஆளாகிவிடுவாள். தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் ஓடிய ஓடை, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போனது என்று வாய் ஓயாமல் பேசுவாள். அந்தப் பேச்சில் ராஜரத்தினத்துக்கு இடமே இருக்காது. ஒரு தடவை, கல்யாணமான புதிதில், 'அக்கா இங்கே வந்து எங்களோடு கொஞ்ச நாள் இருங்கள்' என்று ஒரு வரி வந்தது. கண் அதைப் பார்த்தது, வாய் தாண்டிப் போய்விட்டது. தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. 'எல்லாரும் சௌக்கியமாம்' என்று முடித்துவிடுவார்.

தெய்வம்மா சண்டை போடவில்லை. மகளுக்குப் போன் செய்து, பழைய மெயில்களை எப்படித் தேடுவது என்று கேட்டுக்கொண்டாள். 'பொன்னுத்துரை' என்று அவள் வாயால் சொன்னதும் எட்டு வருஷத்து மெயில்களும் வரிசையாக வந்து நின்றன. சாயங்காலம் வரை அந்தக் குரல் ஒவ்வொன்றாக வாசித்தது. ராஜரத்தினம் அடுத்த அறையில் கட்டிலில் படுத்திருந்தார். எந்த மெயிலில் எந்த வரி வரும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. வாசித்ததை மறந்திருந்தார், வாசிக்காமல் விட்டது ஒன்றுகூட மறக்கவில்லை.

 மறுநாள் காலை அவருக்கு ஒரு யோசனை வந்தது. மெயிலின் மேலே 'சுருக்கம்' என்று ஒரு பொத்தான் இருப்பதை நோண்டும்போது பார்த்திருந்தார்.

"இங்க வா. உன் ஆளு மட்டும் என்ன யோக்கியம்? அவனும் வெட்டித்தான் சொல்றான். நீயே கேளு."

தட்டினார். ஒரு பக்க மெயிலை இயந்திரம் இரண்டே வரியாக்கிப் போட, குரல் வாசித்தது. "பொன்னுத்துரை தன் மகளின் திருமணத்துக்கு அக்காவை அழைக்கிறார். முந்தைய அழைப்புகளுக்குப் பதில் வரவில்லை என்று வருந்துகிறார்."

தெய்வம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மத்ததை எல்லாம் வெட்டிட்டு நீங்க விட்டதை மட்டும் வச்சிருக்கு பாருங்க. அதோட, அது சுருக்கம்னு சொல்லிட்டுத்தான் சொல்லுது."

மூன்று நாள் கழித்து, மத்தியானம், அவள் லேப்டாப்பை உள்ளறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியையும் மகளிடம் கேட்டுப் படித்திருந்தாள். கதவுக்கு வெளியே ராஜரத்தினத்துக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. இத்தனை வருஷமும் அவள் சொல்ல அவர் எழுதியே பதில் போயிருக்கிறது. இன்று அவளுக்கும் தம்பிக்கும் நடுவில் அவர் இல்லை. அந்தப் பெட்டி இருந்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டு, தட்டாமல் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பிகிள் ஓய்ந்ததும் அவள் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள்.

"அனுப்புறதுக்கு முன்னால ஒருக்கா வாசிங்க. பிழை கிழை இருக்கான்னு பாக்கணும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தார். மஸ்டரில் செய்வதுபோல் தொண்டையைச் செருமினார். தெய்வம்மா பட்டாணியை மடியில் கொட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்புள்ள தம்பிக்கு, அக்கா சொல்றது. உன் காயிதம் வந்துச்சு. உனக்கு ஆப்பரேசன் ஆனது இப்பத்தான் தெரியும். நீ என்னை எத்தனை தேடியிருப்பேன்னு நினைச்சு அழுதேன். ப்ரியா கல்யாணத்துக்குக் கட்டாயம் வாறேன். பாஸ்போர்ட்டுக்குக் கீர்த்தனா எழுதிப் போட்டிருக்கா..."

அடுத்த வரியைக் கண் பார்த்தது. வாய் நிற்கவில்லை.

"...மச்சான் வாறதா இருந்தா அவரையும் கூட்டிக்கிட்டு வாறேன். வராட்டி நான் மட்டும் வாறேன். உடம்பைப் பாத்துக்க. இப்படிக்கு அக்கா."

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க," என்றாள் தெய்வம்மா. பட்டாணியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இல்லையே."

"நேத்தே மூணு தடவை அது எனக்கு வாசிச்சுக் காட்டிடுச்சுங்க."

ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். வரி அதே இடத்தில் இருந்தது. விரலை அதன் அடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கூட்டி வாசிப்பதுபோல வாசித்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு... இவர் நீ எழுதினதை இத்தனை வருஷமா... ஒளிச்சுட்டார் தம்பி. அது எனக்கு இன்னும் ஆறலை."

'ஆறலை' என்ற இடத்தில் அவர் தொண்டை கட்டிக்கொண்டது. இருமி, அந்தச் சொல்லை மறுபடியும் சரியாகச் சொன்னார். நிமிர்ந்தபோது தெய்வம்மா அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து வந்து, 'அனுப்பு' என்ற இடத்தைத் தானே தட்டினாள். பிறகு லேப்டாப்பை மூடினாள்.

மேசையின் ஓரத்தில் அன்றைய பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. அவர் அதைத் தன் பக்கம் இழுத்தார்.

"வாசிக்கட்டுமா?"

தெய்வம்மா உட்கார்ந்து, அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

"நாளைக்குப் பாக்கலாம்," என்றாள்.