நாடகக் குழுவுக்கு ஒரு நன்கொடை

பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நாலு பேர். பியூனைச் சேர்த்தால் ஐந்து. மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த ஒரே நாற்காலியில், சங்கத் தலைவரான இரும்புக் கடைக்காரர். அவருக்கு வலப்புறம் பொருளாளரான பல் டாக்டர். இடப்புறம் தீர்மானப் புத்தகத்தோடு செயலாளர். அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்பவர். மேசையின் கடைசி மூலையில் நாடகக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. செயலாளரின் மனைவியும் அவள்தான். கதவோர முக்காலியில் பியூன்.

நாடகக் குழுவுக்கென்று தனி வங்கிக் கணக்கு கிடையாது. பிள்ளைகள் டிக்கெட் விற்றுச் சேர்த்த பதினெட்டாயிரத்தைச் சங்கக் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். நாடகப் போட்டிக்குப் போகும் வேனுக்கு இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வேனும் இல்லை, போட்டியும் இல்லை.

செயலாளர் காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டார்: "நான் வாயைத் திறந்தா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறான்னு சொல்லுவாங்க. எழுதறதோட சரி." அவள் பதிலுக்கு டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"பிள்ளைங்க விஷயம், தாராளமா இருப்போம்," என்று தலைவர் ஆரம்பித்தார். "ஒரு ஒன்பதாயிரம் நன்கொடையா குடுத்துடலாம்."

"கணக்குல கிடக்கறது சங்கத்துப் பணம்தானே," என்றார் பல் டாக்டர். "பாதி குடுக்கறதே பெரிய மனசு. பள்ளிக்கூட கேட்டுக்குப் பெயின்ட் வேற அடிக்கணும்."

"எங்க பணத்துல பாதியை எங்களுக்கே தானம் பண்றீங்களாண்ணே?"

"அப்படி எடுத்துக்காதம்மா. ஒரு நன்றிக் கடிதம் குடுத்தா போதும்," என்றார் தலைவர்.

அவள் கணவனைப் பார்த்த பார்வைக்கு அவர் மூக்குக்கண்ணாடியே விரிசல் விட்டிருக்க வேண்டும். அவரோ குனிந்த தலை நிமிராமல் நாடகக் குழுவுக்கான கடிதத்தை எழுதி முடித்து, உரக்கப் படித்தார்:

"தாங்கள் எங்களிடம் கொடுத்து வைத்த பதினெட்டாயிரத்தில் ஒன்பதாயிரத்தைத் தங்களுக்கே நன்கொடையாக வழங்குகிறோம்."

பியூனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"என்னய்யா இது, கேக்கவே ஒரு மாதிரி இருக்கு?" என்றார் தலைவர்.

"சொன்னதைத்தாங்க எழுதினேன்."

"நோட்டீஸ் போர்டுல ஒட்டணுமேய்யா! அந்த நன்கொடையை எடு."

செயலாளர் அதை அடித்துவிட்டு மறுபடி படித்தார்.

"மிச்சம் எங்கேன்னு கேப்பாங்களே," என்று பல் டாக்டர் முதல் தடவையாகக் கவலைப்பட்டார்.

"அப்ப அந்த ஒன்பதாயிரத்தையும் எடு."

அதையும் அடித்து, வாக்கியத்தைச் சேர்த்து எழுதினார். மிஞ்சியது இவ்வளவுதான்: "தாங்கள் எங்களிடம் கொடுத்து வைத்த பதினெட்டாயிரத்தைத் தங்களுக்கே வழங்குகிறோம்."

"ஆங்! எழுத்துன்னா இப்படி நறுக்குன்னு இருக்கணும். நான் மட்டும் இல்லேன்னா ஊரே சிரிச்சிருக்கும்," என்றார் தலைவர். அந்தப் பூரிப்பில் காசோலையிலும் முழுத் தொகைக்குக் கையெழுத்து விழுந்தது.

அவள் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"ஊஹும், எதுவும் முறைப்படி போகணும்மா," என்றார் தலைவர்.

செயலாளர் காசோலையையும் கடிதத்தையும் உறையில் போட்டார். அனுப்புநர், பெறுநர் முகவரிகளை எழுதினார், இரண்டும் அதே பள்ளிக்கூட முகவரிதான். பசை தடவி ஒட்டி, சங்க முத்திரை குத்தி, பியூனிடம் நீட்டினார். பியூன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மேசையைச் சுற்றி அவள் இருந்த மூலைக்குப் புறப்பட்டார்.