மணல் மூட்டைகள் சிரிப்பதில்லை

கார் தொழிற்சாலையில் அவனை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. புது வண்டியில் எங்கேயாவது ஒரு திருகு முணுமுணுத்தால் அதைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. கதவு ரப்பர் உரசுகிறதா, டேஷ்போர்டுக்குள் ஒரு கம்பி இன்னொரு கம்பியோடு வம்பளக்கிறதா, எதுவானாலும் கண்ணை மூடிக் கேட்பான். பிறகு விரலை நீட்டுவான். நீட்டிய இடத்தில் சத்தம் இருக்கும்.

ஒரு மாதமாக அந்த விரலுக்கு வேலை இல்லை.

வந்திருந்தது குடும்பத்துக்கென்றே செய்த விலை உயர்ந்த எஸ்டேட் கார். கூரை கடைசிவரை ஒரே நீட்டாக ஓடும். பின்சீட்டை மடக்கினால் உள்ளே ஒரு கட்டிலையே போட்டுவிடலாம். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. நல்ல ரோட்டில் முன் சக்கரங்கள் மட்டும் இழுத்துக்கொண்டு போகும். அவை கொஞ்சம் வழுக்கினால் போதும், கண்ணிமைக்கிற நேரத்தில் பின்னால் இருக்கிற கிளட்ச் பிடித்துப் பின் சக்கரங்களும் தோள் கொடுக்கும். இன்ஜினின் விசையைப் பின்னால் கொண்டுபோக வண்டியின் வயிற்றுக்கடியில் நீளமான ஒரு ஷாப்ட் ஓடியது. அதற்கு இடம் விட்டதில் உள்ளே தரையின் நடுவில் ஒரு மேடு. மேட்டின்மேல் மெத்தென்ற கம்பளம். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அந்த வண்டியில் 'காது' ஒரு சத்தம் கேட்டான். ஒரே ஒரு 'டிக்'.

சோதனை ஓட்டம் முடிந்து ஐந்து பேராகத் திரும்பிக்கொண்டிருந்தபோது கேட்டது. டிரைவர், சோதனைப் பிரிவின் சீஃபைப் பற்றி ஏதோ சொன்னார். வண்டியே குலுங்கிச் சிரித்தது. 'காது' சிரிக்கவில்லை, அந்தப் பழக்கத்தை அவன் விட்டு நாளாகியிருந்தது. சிரிப்புக்கு நடுவில், பின்பக்கம் எங்கோ, டிக்.

"கேட்டீங்களா?" என்றான்.

"எதை?" என்றார்கள் நான்கு பேரும், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சத்தம் பின்பக்கம் என்றதும் எல்லோருடைய கண்ணும் பின் கிளட்ச் மேல் விழுந்தது. அதுதான் வண்டியிலேயே புதுசு, அதுதான் விலை அதிகம். கழற்றினார்கள், மாட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். அது குழந்தை மாதிரி சமர்த்தாக இருந்தது. ஆளுக்கு ஆள் எடை வைத்து மணல் மூட்டைகளைச் சீட்டில் உட்கார்த்தி, பெல்ட் மாட்டி, ஒலிப்பதிவுக் கருவியோடு நாள் கணக்கில் ஓட்டினார்கள். மூட்டைகள் இருந்தால் ஓட்டுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பேச்சோ தும்மலோ கலந்துவிட்டால் பதிவில் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். சுத்தமான பதிவில் டயர் இருந்தது, காற்று இருந்தது, 'டிக்' மட்டும் இல்லை.

சீஃப் நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம்.

"இத பாருப்பா," என்றார். "உனக்கு நடந்தது சின்ன விஷயமா? மனசு அலுத்துப் போனா காது அதும்பாட்டுக்கு எதையாவது கேக்கும். வண்டிய விற்பனைக்கு விடத் திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போட்டாகணும். சத்தம் இருந்தாக் காட்டு. இல்லேன்னா கொஞ்ச நாள் டயர் கிடங்கப் பாத்துக்கோ. ஓய்வா இருக்கும்."

டயர் கிடங்கில் கேட்பதற்கு ஒன்றும் கிடையாது.

அவன் மனைவி இறந்துபோய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. வீட்டில் பல சத்தங்கள் நின்றுவிட்டன. அதற்கெல்லாம் காது பழகிக்கொண்டது. இந்த ஒரு சத்தம்தான் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உட்கார்ந்து தன் தலைக்குள் டிக் அடிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தான். ஃபிரிட்ஜில் பால் கெட்டதுதான் மிச்சம். காதும் போய்விட்டால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது?

மிச்சம் இருந்தது குடும்ப ஓட்டம் ஒன்றுதான். கையெழுத்துக்கு முன்னால் யாராவது ஒரு ஊழியரின் குடும்பத்தை ஏற்றி, தொழிற்சாலையின் சொந்தச் சோதனை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். சும்மா ஒரு சடங்குதான். இந்த முறை அவன் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை வண்டி முன் அவன் குடும்பம் வரிசையாக நின்றது. பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், மாமியார், காலேஜ் முடித்துவிட்டு உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடும் மைத்துனன், எட்டு வயது மகள். மனைவி போனதிலிருந்து எல்லோரும் ஒரே வீட்டில்தான்.

"யாரும் பேசக் கூடாது," என்றான். "இருமக் கூடாது. பேசினா பதிவு வீணாப் போயிடும்."

"எவ்வளவு நேரத்துக்கு மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"ரெண்டு சுத்து. ஒரு மணி நேரம் ஆகும்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ அவ்வளவு நேரம் வாய மூடினதே இல்ல," என்றார் மாமனார். "கருவியில ஏதும் கோளாறுன்னு நெனச்சுக்கப் போறாங்க."

"நீங்க மூடுங்க மொதல்ல."

மாமனார் முன்சீட்டில் ஏறினார். பின்னால் ஒரு ஜன்னலோரம் மாமியார், மறு ஜன்னலோரம் மகள். நடு சீட்டு மைத்துனன் தலையில் விழுந்தது.

"அத்தான், இங்க கால் எங்க வைக்கிறது?" என்றான். மேட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வைத்துப் பார்த்து, கடைசியில் இரண்டு காலையும் மேட்டின் மேலேயே வைத்துக்கொண்டான். முழங்கால் காதருகே வந்தது. "இவ்வளவு காசு போட்டு வாங்கிட்டு ஒருத்தன் தவளை மாதிரி குந்தியிருக்கணுமா?"

"ஷ்!" என்றான் 'காது'. கருவியை ஓடவிட்டான். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. சத்தம் கேட்டால் அதை அமுக்க வேண்டும். பதிவில் அந்த இடத்தில் ஒரு கோடு விழும்.

முதல் சுற்று. கற்கள் பதித்த ரோடு, மேடு பள்ளம், தண்ணீர் தெளித்து வழுக்க வைத்த சரிவு. சரிவில் முன் சக்கரம் ஒரு கணம் தடுமாறியது, பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல வண்டி அலுங்காமல் ஏறியது. கிளட்ச் தன் வேலையைச் செய்தது, சத்தம் இல்லாமல். மாமியார் சீட்டின் தோலைத் தடவிப் பார்த்துப் புருவத்தால் மட்டும் பாராட்டினார். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். குடும்பமே மணல் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

டிக் வரவில்லை.

இரண்டாவது சுற்று பாதி போயிற்று. பொத்தானின் மேல் வைத்த விரலை அவன் எடுக்கவே இல்லை. ஒன்றுமில்லை. சீஃப் சொன்னதுதான் சரி போல. திங்கட்கிழமை டயர் கிடங்கு. வழியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதற்கென்று போட்டிருந்த கோட்டருகே அவன் மெதுவாக நிறுத்தினான். உள்ளே அப்படியொரு அமைதி. மெத்தென்ற சீட்டில் மாமனார் எப்போதோ தூங்கிப் போயிருந்தார்.

வண்டி நின்ற அந்தச் சின்னக் குலுக்கலில், முப்பது வருடப் பழக்கம் அவரைத் தூக்கி உட்காரவைத்தது. கண்ணைத் திறக்காமலேயே கதவை இரண்டு தட்டுத் தட்டி, தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏறியாச்சா? படியில நிக்காத, உள்ள போ! போலாம், ரைட்!"

பிறகு மகளின் விரலிடுக்கில் ஒரு கீச்சு வெளிவந்தது. அவ்வளவுதான், அணை உடைந்தது. மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். மைத்துனன் சிரித்தால் வாயைவிடக் கால்தான் அதிகம் சிரிக்கும். தொம் தொம்மென்று குதித்தான்.

டிக்.

'காது' பொத்தானை அமுக்கினான்.

"திரும்பச் சிரிங்க!" என்றான்.

எல்லோரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

"என்னது?"

"சிரிங்க. அதே மாதிரி. சீக்கிரம்!"

மாமியார் "ஹி" என்றார். மைத்துனன் "ஹா, ஹா, ஹா" என்று பாடம் ஒப்பித்தான். மாமனார் பல்லைக் காட்டினார். ஒன்றும் வரவில்லை.

"மாப்பிள்ளை, சிரிப்பு என்ன குழாயில தண்ணியா, தொறந்தா வர்றதுக்கு?" என்றார் மாமியார். பிறகு கணவரைப் பார்த்தார். "ஏங்க, எல்லாருக்கும் டிக்கெட் குடுத்துட்டீங்களா?"

"நீ பாஸா?" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"நான் உங்க சம்சாரம்."

"அதுக்கெல்லாம் சலுகை கிடையாது. சில்லறையா எடு."

மறுபடி பிடித்துக்கொண்டது. மகள் அந்த நேரம் கழன்று விழுந்த செருப்பைத் தேடிக் கீழே குனிந்திருந்தாள். மைத்துனனின் கால் மேட்டின்மேல் குதித்தது. டிக்.

"அப்பா!" கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "மாமா கால்லேர்ந்து டிக்குனு சத்தம் வருதுப்பா!"

பொத்தானை அமுக்கியவன் அப்படியே திரும்பினான். "உனக்குக் கேட்டுச்சா? நெசமாவா?"

"நல்லாக் கேட்டுச்சே. டிக். ஏன், உங்களுக்குக் கேக்கலியா?"

கேட்டது. அது தலைக்குள் இல்லை. வண்டிக்குள் இருந்தது. எட்டு வயதுக் காதில் விழுந்திருக்கிறது. அவன் நெஞ்சில் இத்தனை நாளாக இறுக்கியிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. அதற்குச் சத்தமே இல்லை.

"மச்சான், இன்னொரு தடவை மிதி!"

"அத்தான், என் காலுக்கு இவ்வளவு மரியாதை இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல," என்று மைத்துனன் காலைத் தூக்க, ஷூ மாமனாரின் பின்மண்டையில் பட்டது.

"கண்டக்டர் மேலயே கை வைக்கிறியா?"

"கைல்ல தாத்தா, காலு!" என்று மகள் திருத்தினாள்.

வண்டி குலுங்கியது.

பிறகு எல்லோரையும் இறக்கிவிட்டுக் கம்பளத்தை உரித்துப் பார்த்தான். மேட்டின்மேல், பின்சீட்டுக்குக் குளிர்காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய். அதைப் பிடிக்க வேண்டிய சுண்டுவிரல் அளவுக் கொக்கி முழுசாக மாட்டவில்லை. குதிகால் அழுத்தி எடுத்தால் டிக். மூட்டைக்குக் கால் கிடையாது. கால் உள்ளவர்களும் வாயை மூடி உட்கார்ந்தால் குதிக்க மாட்டார்கள். யாராவது சிரித்துக் குதித்தாலும், சிரிப்பு கலந்த பகுதியை வெட்டி எறிந்திருப்பார்கள். விரலை நீட்டிக் கொக்கியைத் தொட்டான். விரல் நீட்டிய இடத்தில் சத்தம் இருந்தது.

திங்கட்கிழமை சீஃப் பதிவை வெட்டாமல் முழுதாகக் கேட்டார். "போலாம், ரைட்!" வந்த இடத்தில் அவர் தோளும் குலுங்கியது. பிறகு தானே எழுந்து போய் நடு சீட்டில் ஏறி, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தார்.

"நாலு சக்கரத்துக்கும் பிடி குடுத்தோம்," என்றார். "நடுவுல உக்கார்றவன் ஒருத்தன் இருக்கான்னு மறந்துட்டோம். டயர் கிடங்குக்கு வேற ஆள் பாத்துக்கறேன். உன் மச்சான் சும்மாதான இருக்கான்? அவனைச் சோதனை ஓட்டத்துக்கு வரச்சொல்லு. மூட்டையவிட நல்லா உக்கார்றான்."

"சரி சார்."

"ஒண்ணு மட்டும் புரியல." சீஃப் திரையில் விரலை வைத்தார். "டிக் மூணு தடவை வருது. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அந்தப் பொண்ணு 'கைல்ல, காலு'ங்கிற இடத்துல ஒண்ணு. அதுதான் இருக்கறதுலயே பெரிய சத்தம். கோடு ரெண்டுதான் இருக்கு. பொத்தானை அமுக்கலியே நீ?"

அவன் பதிவை அந்த இடத்துக்குத் திருப்பி மறுபடி ஓடவிட்டான். மகள், மாமியார், மைத்துனன், மாமனார் எல்லோரும் இருந்தார்கள். அவர்களோடு இன்னொரு சிரிப்பும் இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக, ஓட்டி நாளான வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி.

"எனக்குக் கேக்கல சார்," என்றான் 'காது'. "சிரிச்சிட்டு இருந்தேன்."