பால்கோவா டப்பாவில் பதினோரு சீட்டு

பாண்டிசெல்வியிடம் ஒரு தவளையைக் கொடுத்தால் போதும், எந்த எலும்பு எங்கே இருக்கிறது, எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். விலங்கியலில் மூன்று வருஷப் பேப்பரும் பாஸ். ஒரே ஒரு பேப்பர் மட்டும் அவள் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. புள்ளியியல். தவளை படிக்கிறவளுக்குப் புள்ளியியல் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், பாடத்திட்டம் போட்ட மகராசன்களைக் கேளுங்கள். மூன்று தடவை எழுதினாள். இருபத்தாறு, இருபத்துமூன்று, பத்தொன்பது. பாஸ் மார்க் முப்பது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

கான்சாபுரத்தில் அவள் அப்பா கண்ணுச்சாமி திட்டவெல்லாம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"இந்தா பாரு தாயி, இந்தத் தடவையும் போச்சுன்னா மில்லுக்குப் போயிரு. சூப்பர்வைசர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். வேன் ஊருக்குள்ளயே வருது" என்றார்.

மில் வேலை கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. சொந்த அக்காவே அந்த வேனில்தான் போய்வருகிறாள். ஆனால் பாண்டிசெல்விக்கு பி.எட். முடித்து டீச்சராக வேண்டும். பத்து வயதிலிருந்து அந்த ஒரே ஆசை. இந்தப் பேப்பர் தேறினால் பி.எட்., தேறாவிட்டால் வேன். நடுவில் வேறு வழி கிடையாது.

சனிக்கிழமைதோறும் ராஜபாளையத்துக் கல்லூரியில் அரியர் வகுப்பு. ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே பஸ் மாறிப் போவாள். அதுவரை வகுப்பெடுத்த சாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒவ்வொரு கணக்கையும் விடையோடு ஐந்து தடவை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்பார். பதினோரு பேரும் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பாடுவார்கள். அந்தக் கோரஸில் பாண்டிசெல்வியின் குரல்தான் உரக்கக் கேட்கும். புரியாதவளுக்குத்தானே சத்தம் தேவைப்படும்! நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகான கையெழுத்து. பரீட்சையில் எண்ணை மாற்றிக் கேட்டால் போச்சு.

அந்த ஆடியில் சார் மாற்றலாகிப் போக, பிரிஸ்கில்லா மேடம் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். முதல் நாளே ஒரு காலி பால்கோவா டப்பாவை மேஜையில் வைத்தார்.

"இனிமே 'புரிஞ்சுதா'ன்னு நான் கேக்கவே மாட்டேன். கேட்டா நீங்க பொய்தான் சொல்லப் போறீக. எது புரியலையோ அத எழுதி இதுக்குள்ள போடுங்க. பேரு வேண்டாம்."

டப்பா ஒரு சுற்றுப் போய்வந்தது. பதினோரு சீட்டு. மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்பதில் 'எல்லாம் புரிந்தது'. ஒன்றில் 'நன்றாகப் புரிந்தது, நன்றி'. ஒன்று வெறும் தாள்.

"அம்புட்டும் புரிஞ்சவுக எதுக்குலே அரியர் கிளாஸ்ல வந்து ஒக்காந்திருக்கீக?" என்றார் மேடம். கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தானும் ஒரு சீட்டு எழுதி, அதைத் தானே சத்தமாக வாசித்தார். எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் பெயில். ஒரு சூத்திரத்தில் ஏன் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று தெரியாது, கேட்க வெட்கம். கேட்காமலே பரீட்சை எழுதினேன், கோட்டை விட்டேன்.

மேடம் பெயிலா!

அடுத்த வாரம் பாண்டிசெல்வி எழுதினாள். எப்படி எழுதினாள் தெரியுமா? கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கையால்! கோழி கிளறியதுபோல இருந்தது. மேடம் அதைத் தட்டுத்தடுமாறி வாசித்தார்.

"சூத்திரத்தில் மேலே ஒரு சிக்மா, கீழே ஒரு சிக்மா இருக்கிறது. இரண்டையும் அடித்துவிடலாமா, கூடாதா?"

பாலகணேஷ் என்கிறவன் குபீரென்று சிரித்தான். பாண்டிசெல்வி நோட்டை மூடி வைத்தாள். 'சரி, மில்லு வேன்தான் நமக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

மேடம் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, "பேசாம ஆளுக்கொரு தாள்ல செஞ்சு குடுங்க" என்றார். வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினொண்ணுல எட்டுப் பேரு அடிச்சிருக்கீக. பாலகணேஷு, நீயுந்தான்."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். அப்போது பாண்டிசெல்விக்கு என்ன தோன்றியதோ, எழுந்துவிட்டாள்.

"மேடம், அந்தச் சீட்டு என்னுதுதான். எனக்கு அந்த எழுத்துக்கு அர்த்தம் என்னன்னே தெரியாது. மேலயும் கீழயும் ஒண்ணுபோல இருந்தா அடிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாக. அதான் அடிச்சேன். மூணு பரீட்சையிலயும் அடிச்சேன்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் பட்டினி கிடந்திருக்கிறாள் பாவி மகள்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன் மேல தப்பில்லட்டி. இது எழுத்தே இல்ல, ஒரு உத்தரவு. 'எல்லாத்தையும் கூட்டு'ன்னு சொல்லுது. இத இத்தன வருசமா ஒருத்தரும் ஒங்களுக்குச் சொல்லலையே!" என்றார். பிறகு சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்தார். மேல் சிக்மாவுக்கு ஐந்து, ஆறு, பதிமூன்று. கீழ் சிக்மாவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று.

"ஒன் வழியிலயே மொதல்ல செய்யி. அடிச்சுப் பாரு."

அடித்தாள். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வரி வரியாக வகுத்தாள். முதல் வரியில் ஐந்து வந்தது, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நாலே சொச்சம்.

"இதுல எதுட்டி விடை?"

"தெரியல மேடம். நான் எப்பவும் கடைசி வரிய எடுத்துக்கிடுவேன்."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது கூட்டினாள். மேலே இருபத்துநாலு, கீழே ஆறு. வகுத்தால் நாலு. ஒரே ஒரு விடை! சாக்பீஸைப் பிடித்தபடி அந்த நாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை பஸ், இத்தனை நோட்டு, இத்தனை அழுகை? சந்தோஷத்தைவிட அவளுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது.

அதன் பிறகு டப்பா நிரம்பி வழிந்தது. யாரும் இடது கையால் எழுதவில்லை, பாதிப்பேர் பெயரும் போட்டார்கள். ஐந்து தடவை எழுதுகிற வேலையை மேடம் அடியோடு நிறுத்தினார். ஒரு கணக்கு, ஒரே தடவை. நோட்டை மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கே திக்குகிறதோ அதுதான் அடுத்த சீட்டு. பாண்டிசெல்விக்கு ஜோடி யார்? பாலகணேஷேதான். தவளையின் நீளத்தையும் எடையையும் வைத்து அவள் சொல்லிக்கொடுத்தாள். "செத்த இரு, மறுபடி சொல்லு" என்று அவன் பத்துத் தடவை கேட்பான். பத்தாவது தடவை சொல்லும்போது அவளுக்கே இன்னும் கொஞ்சம் விளங்கும்.

கார்த்திகையில் பரீட்சை எழுதினாள். தை கடைசியில் ரிசல்ட் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், தன் ஊர்ப்பக்கம் போகும் வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் பார்த்தாள். எழுபத்தைந்துக்கு ஐம்பத்தொன்று. நம்பாமல் பதிவெண்ணைத் திரும்ப அடித்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்றேதான். மேடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, பாஸ்."

எதிர்முனையில் கிணற்று மோட்டார் இரைந்தது. "செத்த இரு தாயி" என்றார் கண்ணுச்சாமி. மோட்டார் நின்றது. "இப்பச் சொல்லு."

"பாஸ் ஆயிட்டேன்ப்பா. அம்பத்தொண்ணு."

"அடி என் ராசாத்தி!" என்று கத்தினார். பிறகு, "சூப்பர்வைசர்ட்ட இன்னிக்கே வேண்டாம்னு சொல்லிருதேன். ஆமா, மூணு தடவ வராதது இப்ப மட்டும் எப்படித் தாயி வந்துச்சு?" என்றார்.

"தெரியாதத தெரியலன்னு சொல்லிட்டேன்ப்பா. அம்புட்டுத்தான்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்ப நானும் ஒண்ணு கேட்டுக்கிடுதேன், சிரிக்காத. நாலு வருசமா ஊர்ல பூரா ஒன்னிய மாட்டு டாக்டருக்குப் படிக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். நீ படிச்சது அதுதானா தாயி? எனக்குத் தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு."

வத்திராயிருப்பு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பாண்டிசெல்வி ஏறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தூண் ஓரமாக ஒதுங்கி நின்று, தான் என்ன படித்தாள் என்பதை முதலிலிருந்து அப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.